ஒரு திரைக்கு இரண்டு பேர்

சுங்கை பினாங்
13 பிப்ரவரி 2025

என்னங்க,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதிலும் பாதிச் சண்டையில் உங்கள் பக்கம் லைன் போய்விடுகிறது. மிச்சச் சண்டையை நான் சமையலறையில் நின்று, உங்கள் பேச்சையும் நானே பேசி முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. அதில் எப்போதும் நான்தான் ஜெயிக்கிறேன், ஆனால் ஒரு சுகமும் இல்லை. தைப்பூசத்தன்று நான் பாதியில் போனை வைத்தது அதனால்தான். இனிமேல் எழுதிக்கொள்வோம். எங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து உங்கள் மின் நிலையத்துக்கு மாதம் இரண்டு தடவை பாடத்தாள் பை போகிறது. நடுவில் ஒரு கடிதம் வைத்தால் பை ஒன்றும் கனத்துவிடாது.

ரதம் நம் தண்ணீர்ப் பந்தல் வழியாகத்தான் வந்தது. பந்தல்காரர்கள் உங்கள் பங்குத் தேங்காய்களை என் முன்னால் குவித்துவிட்டு, "என்னக்கா, இந்த வருசமும் அண்ணே வரலயா? சரவாக்குல லீவே குடுக்க மாட்டாங்களா?" என்றார்கள். எல்லாவற்றையும் நானே உடைத்தேன். இருந்த கோபத்துக்கு இரண்டாவது வீச்சு எந்தக் காய்க்கும் தேவைப்படவில்லை.

நீங்கள் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னீர்கள். கேட்கவில்லை, சொன்னீர்கள். இதை எத்தனையோ தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுத்திலும் இருக்கட்டும்.

இனி விஷயம். உங்கள் நிலையத்து இயந்திரங்களைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அவற்றின் கையேடுகளைக் கறையான் தின்றது போக, மிச்சம் இருப்பவை எங்கள் இரும்பு அலமாரியில் உள்ள மைக்ரோஃபிலிம் சுருள்கள்தான். சுருளை ரீடரில் மாட்டி, விளக்கைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றினால் பொடி எழுத்துப் பக்கங்கள் திரையில் பெரிதாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரில் நான்கு பேருக்கு அந்த ஃபிலிமிலும், மற்ற நான்கு பேருக்கு அதையே தாளில் அச்செடுத்தும் பாடம் கொடுக்க வேண்டும்; எதில் நன்றாகக் கற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது.

எங்கள் தலைவர் அஸ்லான் சார் ஒன்று சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "ஃபிலிம் ஜெயிச்சா கோர்ஸ் இங்கதான் நடக்கும் லோகா. அந்த ரீடர காட்டுக்குள்ள கொண்டு போக முடியாதுலா. அப்ப மெஷின தொட்டு வேல பாத்த ஆளு ஒருத்தர் பினாங்குல வேணும். ஒங்க வீட்டுக்காரர் இருக்காரே." தாள் ஜெயித்தால் புத்தகங்களை அங்கே அனுப்பி, பயிற்சியையும் அங்கேயே வைத்துவிடுவார்களாம். உங்களையும் அங்கேயே வைத்துவிடுவார்களாம்.

செப்டம்பரில் உங்கள் இரண்டு வருடம் முடிகிறது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

லோகேஸ்வரி


சரவாக்
2 மார்ச் 2025

லோகா,

கடிதம் கிடைத்தது. முதலில் பாடத்தாள் என்று நினைத்து எண்ணெய்க் கையோடு எடுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் என் கட்டைவிரல் பதிந்திருக்கிறது.

நீ எழுத்தில் இருக்கட்டும் என்றாய். என் பக்கமும் எழுத்தில் இருக்கட்டும். நான் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னபோது நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். "சரி" என்றாய். ஒரு மாதம் பெட்டி கட்டினேன், விமான நிலையத்துக்கும் வந்தாய். "போகாதீங்க" என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

இந்த இடம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆறு, அணை, இயந்திரக் கூடம், அதன் பின்னால் எங்கள் வரிசை அறைகள். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. போன் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக் குன்றில் ஏற வேண்டும். அங்கே எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள். பெண்டாட்டியின் திட்டை நான்கு பேர் முன்னால் எப்படி வாங்குவது? அதனால்தான் நான் "ம், ம்" என்று மட்டும் சொல்வது. உனக்கு அது அலட்சியமாகக் கேட்டிருக்கும்.

உன் வேலையைப் பற்றி: டேப்லட்டில் போட்டால் என்ன என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு. போன வருடம் வந்த டேப்லட் எல்லாம் ஈரத்தில் செத்து, இப்போது கதவு முட்டுக்குக் கிடக்கிறது. ஃபிலிமில் நான் படித்ததில்லை. முந்தின பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் எல்லாவற்றையும் திருப்பிச் சுற்ற வேண்டும் என்கிறார்கள். அது எப்படிப் போகிறது என்று எழுது.

சுகுமாரன்

பி.கு: மோட்டார் சைக்கிளை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வை. சும்மா நின்றால் பேட்டரி போய்விடும்.


சுங்கை பினாங்
20 மார்ச் 2025

என்னங்க,

மோட்டார் சைக்கிளை ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்கிறேன். நீங்கள் சொல்வதற்கு முன்பிருந்தே செய்கிறேன். கீழே இறங்கி, உதைத்து, அது ஓடுகிற வரை பக்கத்தில் நிற்பேன். மாடிவீட்டு ஹபீபா பீவி சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஓட்டவே தெரியாம எதுக்குமா டெய்லி பெட்ரோல எரிக்கிறே?" என்றார். வாரம் ஒரு தடவைதான் என்று திருத்தினேன்.

நீங்கள் "சொல்வாய் என்று காத்திருந்தேன்" என்று எழுதியதை நான்கு தடவை படித்தேன். நான் "கேட்பீர்கள்" என்று காத்திருந்தேன். நல்ல ஜோடி.

வேலை தொடங்கிவிட்டது. தாள்காரர்கள் நான்கு பேரும் நூலகத்தில், ஆளுக்கொரு மேசை, பரீட்சை மண்டபம் மாதிரி அமைதி. ஃபிலிம்காரர்களுக்கு இருட்டறை. எங்களிடம் ஓடுகிற ரீடர் இரண்டுதான். அதனால் பைராம் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிற தனேஷும் ஷஹீதாவும் ஒன்றில். மற்ற இருவர் இன்னொன்றில். வாய் ஓயாது. ஒருவர் சுற்ற, ஒருவர் படிக்க, "ஏய், முந்தின படத்துக்குப் போலா" என்று ஒரே சத்தம். அதட்டிப் பார்த்தேன், இரண்டு நிமிடம் அடங்கினார்கள்.

போன வாரம் ஒரு ரீடரின் விளக்கு எரிந்துபோனது. இப்படி விளக்கை இப்போது யாரும் செய்வதில்லை. சூலியா தெருவில் பழைய கேமரா, புரொஜெக்டர் சாமான் வைத்திருக்கும் அலாவுதீன் பாய் கடைக்கு மூன்று நாள் நடந்தேன். பின்கட்டில் பெட்டி பெட்டியாக இறக்கித் தேடி இரண்டு எடுத்துக் கொடுத்தார். "இந்த லைட்ட வச்சு யாரம்மா தேடுறீங்க, இவ்ளோ அவசரமா?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒன்றை மாட்டியாயிற்று. இன்னொன்று நம் சமையலறை அலமாரியில், உங்கள் கோப்பிக் குவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். தினமும் காலையில் ரீடரின் கண்ணாடியை நானே துடைக்கிறேன். ஃபிலிம்காரர்களுக்குப் பத்து மணிக்கு என் காசில் கோப்பி வாங்கித் தருகிறேன். தாள்காரர்களுக்கு இல்லை. வாத்தியாருக்கு இது அழகில்லை என்று தெரியும். கேள்வித்தாளில் மட்டும் கை வைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே கேள்வி, பெயரை மறைத்துத்தான் திருத்துகிறேன். அதுவரைக்கும்தான் என் நேர்மை.

லோகா


சரவாக்
11 ஏப்ரல் 2025

லோகா,

கோப்பி விஷயம் படித்துச் சிரித்தேன். தாள்காரர்கள் சாபம் விடப்போகிறார்கள், அவர்களுக்கும் வாங்கிக் கொடு.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மழை பிடித்தால் நான் தூக்கத்திலேயே எழுந்து உட்காருகிறேன், பின்பக்கம் துணி காய்கிறதே, எடுத்தாயா என்று கேட்க. வாயைத் திறந்த பிறகுதான் நடுவில் கடல் இருப்பது ஞாபகம் வருகிறது. நீ துணியை எடுத்திருப்பாய். அதற்கு நான் தேவையில்லை. ஆனால் கேட்காமல் படுக்க முடியவில்லை.

பினாங்கில் கோர்ஸ் வந்தால் வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும்? ஒரே இடத்தில் வேலை என்றால் காலையில் ஒரே வண்டியில் போகலாம். சும்மா கேட்டேன்.

சுகு


சுங்கை பினாங்
29 ஏப்ரல் 2025

என்னங்க,

எட்டரை மணிக்குத் தொடங்கும். எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். வழியில் ரொட்டி சானாய் வாங்க நேரம் இருக்கும். நானும் சும்மாதான் சொல்கிறேன்.

ஃபிலிம் ஜெயித்துவிட்டது. கொஞ்சமாக இல்லை, நன்றாகவே. தாள்காரர்களில் முதலாவதாக வந்தவரைவிட ஃபிலிம்காரர்களில் கடைசியாக வந்தவருக்கு அதிக மதிப்பெண். நானே நம்பாமல் இரண்டாம் தடவை திருத்தினேன். அஸ்லான் சாரும் திகைத்துப்போனார். "கண்ண சுருக்கிப் படிக்கிற எழுத்துல இப்படியா?" என்றார். பிறகு, "சரிலா, வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வைங்க" என்றார்.

இந்த எட்டுப் பேரும் அடுத்த வாரம் செய்முறைக்கு உங்களிடம் வருகிறார்கள். இயந்திரத்தின் முன்னால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதி அனுப்பினால், அதையும் சேர்த்து மேலே அனுப்பிவிடுவேன். அவ்வளவுதான் பாக்கி.

நேற்று உங்கள் தலையணை உறையை எடுத்துத் துவைத்தேன். அதை ஒன்றரை வருடமாகத் துவைக்கவில்லை என்பதை இப்போது தைரியமாகச் சொல்லலாம். இனி வாசனையைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லையே.

உங்கள் லோகா


சரவாக்
17 மே 2025

லோகா,

எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். நல்ல பிள்ளைகள். செய்முறை நடக்கிறது. அடுத்த பையில் விவரமாக எழுதுகிறேன்.

சுகு


சரவாக்
31 மே 2025

லோகா,

போன பையில் நீளமாக ஒன்று எழுதி, உறைக்குள் போட்டு, திரும்ப எடுத்துவிட்டேன். இந்தத் தடவை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஃபிலிம்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றச் சொன்னேன். தனேஷ், "அடுத்தது ஃபில்டர்தானே?" என்றான். ஷஹீதா, "இல்லடா, மொதல்ல வால்வ மூடணும். அன்னிக்கே சண்ட போட்டோமே" என்றது. அவன் ஒப்புக்கொண்டு வால்வை மூடினான். தாள்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்பட்டார்கள். எனக்கு என்னவோ உறுத்தியது. மத்தியானச் சாப்பாட்டின்போது தனேஷிடம் கேட்டேன், எப்படியப்பா படித்தீர்கள் என்று. "ரெண்டே ரீடர்தானேண்ணே. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தோம். ஒருத்தருக்குப் புரியலன்னா அடுத்த பக்கத்துக்குப் போக விடமாட்டோம்லா" என்றான்.

லோகா, அவர்களை ஜெயிக்க வைத்தது ஃபிலிம் இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்ததுதான். தாள்காரர்களுக்கு நீ தனி மேசை போட்டுக் கொடுத்தாய். அவர்கள் தனியாகப் படித்தார்கள், தனியாகத் தப்புச் செய்தார்கள். ரீடர் நான்கு இருந்திருந்தால் ஃபிலிம்காரர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

இன்னொரு தடவை வைத்துப் பார். அடுத்த குழுவில் தாள்காரர்களையும் இரண்டு இரண்டு பேராக உட்கார வை. ஒரு புத்தகம், இரண்டு பேர். வேறு யாராவது இப்படி ஒரு ஒப்பீட்டைக் கொண்டுவந்திருந்தால் நீ முதல் பக்கத்திலேயே தப்பைப் பிடித்திருப்பாய்.

இங்கே இயந்திரம் நடு ஷிஃப்டில் மக்கர் செய்தால், முன்பே பயிற்சி முடித்து வந்த பையன்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. பினாங்கு இருட்டறையில் எப்போதோ திரையில் பார்த்ததை நினைத்து நினைத்துக் கையை உள்ளே விடுகிறார்கள். போன மாதம் ஒருவனுக்கு விரல் நசுங்கியது. எது சரியான பதில் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை.

சுகுமாரன்


சுங்கை பினாங்
12 ஜூன் 2025

என்னங்க,

முழுதாக மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய மிக நீளமான கடிதம். அதில் தனேஷ் இருக்கிறான், ஷஹீதா இருக்கிறது, வால்வு இருக்கிறது, யாரோ ஒருவன் விரல் இருக்கிறது. வீட்டுக்கு வர ஆசை என்று ஒரு வரி இல்லை. இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

நீங்கள் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது. தப்பாக இருந்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு அறிக்கையை மேலே அனுப்பியிருப்பேன். பதினெட்டு வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு, தனி மேசையும் ஜோடியும் ஒன்றில்லை என்பது எப்படி என் கண்ணில் படாமல் போனது? எனக்குத் தெரியும். படக்கூடாது என்று இருந்தேன்.

உங்களுக்கு ஃபிலிம் வேண்டாம் என்றால் ஃபிலிம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வேண்டாம் என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். அதற்கு எதற்கு ஒரு இயந்திரத்தை நடுவில் இழுக்கிறீர்கள்?

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சொன்னவர் நீங்கள். இப்போது திரும்பி வர ஒரு வழி திறந்தபோது, அதையும் நீங்களே மூடிவிட்டு வந்து சொல்கிறீர்கள். இரண்டு தடவையும் நான் சமையலறையில்தான் நின்றேன்.

மறுபடி வைத்துப் பார்க்கிறேன். சரியாகவே செய்கிறேன். கவலை வேண்டாம்.

லோகேஸ்வரி


பயிற்சி நிலையம், ஜார்ஜ் டவுன்
24 ஜூலை 2025

திரு. சுகுமாரன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் கேட்டுக்கொண்டபடி இரண்டாம் குழுவை வைத்து ஒப்பீடு மறுபடி நடத்தப்பட்டது. இரண்டு பக்கத்தாரும் ஜோடியாகவே உட்கார வைக்கப்பட்டனர். இரண்டு பக்கத்தாருக்கும் கோப்பி வழங்கப்பட்டது.

ஜோடியாகப் படித்தபோது தாள்காரர்களே முந்தினர். பென்சிலால் குறித்தார்கள், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு முந்தின பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார்கள், ஓரத்தில் கேள்வி எழுதிவைத்து மறுநாள் கேட்டார்கள். ஃபிலிம்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் முந்தின பக்கத்துக்குத் திருப்பிச் சுற்ற அலுத்துக்கொண்டு, ஞாபகத்தை நம்பினார்கள்.

ஆகவே சுருள்களை எல்லாம் தாளில் அச்செடுத்துப் புத்தகங்களாகத் தங்கள் நிலையத்துக்கு அனுப்புவது என்றும், பயிற்சியை அங்கேயே நடத்துவது என்றும் முடிவாகியுள்ளது. பினாங்கில் கோர்ஸ் இல்லை. ரீடர்கள் இரண்டும் பொருள் அறைக்குப் போய்விட்டன. தங்கள் பணி நீட்டிப்புப் பற்றித் தங்கள் நிலையம் தங்களுக்குத் தெரிவிக்கும்.

நன்றி.

லோகேஸ்வரி
பயிற்சி ஆசிரியை

பி.கு: ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணவில்லை.


சரவாக்
8 ஆகஸ்ட் 2025

லோகா,

'திரு. சுகுமாரன் அவர்களுக்கு' என்ற கடிதத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரமாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். அந்த மோட்டார் சைக்கிள் வரிதான் எனக்குத் தாங்கவில்லை.

வர ஆசை என்று ஒரு வரி இல்லை என்றாய். எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்பியிருக்க முடியாது லோகா. முதலில் எழுதி எடுத்துவிட்டேன் என்றேனே, அதில் அந்த வரி இருந்தது. எட்டரை மணி வகுப்பும் எட்டு மணி ரொட்டி சானாயும் வந்ததிலிருந்து நான் இங்கே நாள் கடத்திக்கொண்டிருந்தேன். தலையணை உறையைத் துவைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் குளிக்கிற ஓடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அதற்கு அடுத்த வாரம்தான் தனேஷ் அந்த 'ரெண்டு ரெண்டு பேரா' என்றான். அவன் வாயை அடைத்திருக்கலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது.

நீ நினைத்திருந்தால் முதல் மதிப்பெண்ணையே மேலே அனுப்பியிருக்கலாம். நான் செப்டம்பரில் வீட்டில் இருந்திருப்பேன். அப்படி வந்திருந்தால், இங்கே எவன் விரல் நசுங்கினாலும் அந்தச் செய்தி நம் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கும். நீ அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். எனக்கு வீட்டுக்கு வருவது மட்டும் போதாது, உன்னிடம் வர வேண்டும்.

செப்டம்பரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றும் எழுதிப் பார்த்தேன். ஆனால் நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவர்மேல் எரிந்து விழுந்தவனை நீ பார்த்திருக்கிறாய். அவனோடு மறுபடி உன்னைக் குடித்தனம் நடத்தச் சொல்ல மனம் வரவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இதையும் நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். இங்கே குடும்பங்களுக்கு என்று மூன்று வீடு இருக்கிறது. ஒன்று காலி. வந்த நாளிலிருந்தே அது காலிதான். "அங்க ஒனக்குச் சரிப்படாது" என்று அன்றைக்கு நானே சொல்லி முடித்துவிட்டேன். உனக்குச் சரிப்படுமா என்று உன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். இங்கே அட்டை இருக்கிறது, மழை இருக்கிறது, கடைக்குப் போக அரை நாள் ஆகும். தைப்பூசத்துக்கு ரதம் வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

நீ வருவாயா?

முடியாது என்றால் முடியாது என்று எழுது. அதற்கு அப்புறம் என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். எதிலும் கையெழுத்துப் போடாமல் காத்திருக்கிறேன்.

உன் சுகு


சுங்கை பினாங்
21 ஆகஸ்ட் 2025

என்னங்க,

உங்கள் கடிதம் இன்றைய பையில் வந்தது. நிலையத்தில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அஸ்லான் சார் கூப்பிட்டார். "புக்கெல்லாம் ரெடி. ஆனா ஒங்க ரிப்போர்ட்ல ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைக்கணும், பக்கத்துல ஒரு டீச்சர் இருக்கணும்னு போட்டிருக்கீங்க. புக்கு போயிரும். அந்தக் காட்டுக்கு டீச்சர் யாருலா போவா?" என்றார். அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். "நான் போறேன் சார்" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

அங்கேயே தாளை நீட்டினார்கள். ஒரு வருடம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

இரண்டு வருடமாகக் கேட்காமல் போட்டீர்களே, கேட்காமல் போட்டீர்களே என்று உங்கள் உயிரை வாங்கியவள் நான். பேனா கையில் இருந்தபோது அந்த ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சுரீர் என்றது. அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன். பிறகு இல்லை என்று முடிவு செய்தேன். நீங்கள் என்னை விட்டுப் போகக் கையெழுத்துப் போட்டீர்கள். நான் உங்களிடம் வரப் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பாருங்கள், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள். அது கைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தானா நான் கேட்காமல் செய்து வைக்க வேண்டும்? நீங்கள் கேட்டதால்தான் வந்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை நமக்குள் இருக்கட்டும்.

அன்றைக்கு அரிசி களையும்போது நான் சொல்லாததையும் இப்போது சொல்லிவிடுகிறேன். போகாதீங்க. நாள் கடந்துவிட்டது, தெரியும். சொல்லாமல் வைத்திருந்தால் அங்கே வந்தும் தொண்டையிலேயே நிற்கும்.

அலாவுதீன் பாய் கடைக்குப் போய் மிச்ச விளக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "தேடுன ஆளு கெடச்சாச்சாமா?" என்றார். இந்தத் தடவை சிரித்து மழுப்பவில்லை. "எங்க இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு பாய்" என்றேன். மோட்டார் சைக்கிள் சாவியை, அங்கே செய்முறை முடித்துத் திரும்பிய தனேஷிடம் கொடுத்திருக்கிறேன். அவன் வண்டி பைராமிலிருந்து பாதி வழியில் நின்றுவிடுகிறதாம். வாரம் ஒரு தடவை இல்லை, தினமும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

அட்டைக்கு உப்பு கொண்டுவருகிறேன். ரதத்துக்கு லீவு போட்டு இரண்டு பேரும் வருவோம்; உங்கள் தேங்காயை இனி என்னால் உடைக்க முடியாது, அவ்வளவு கோபம் கையில் இல்லை.

அடுத்த பையில் கடிதம் இருக்காது. பை வரும்போது நானும் அதோடு இறங்குவேன். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அறையில் ஒரு நாற்காலிதான் என்று எழுதியிருந்தீர்கள். இன்னொன்று வாங்கிப் போட்டு வையுங்கள். எதிரில் வேண்டாம், பக்கத்தில்.

லோகா